முதுகு காட்டி நின்ற சாட்சிகள்

ரெஃப்ரி மேல் கேஸ் போடலாம் என்று முதலில் சொன்னது யார் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால், ரசிகர் மன்றத்தில் ஆளாளுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ‘நான்தான்’ என்றிருப்பார்கள். இன்றைக்குக் கேட்டால் ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள். சொன்னது டிரைவிங் ஸ்கூல்காரர். மன்றத்துக்குத் தலைவர் அவர்தான், தோற்ற அணியின் கோல்கீப்பருக்கு அப்பாவும் அவர்தான். வாரம் முழுக்கக் காரில் உட்கார்ந்து அடுத்தவர்களிடம் "ரோட்டைப் பாரு, ரோட்டைப் பாரு" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, சனிக்கிழமை மைதானத்துக்கு வந்து மிச்சத்தையும் கிழித்துக்கொள்கிற மனிதர்.

அவருக்கு ஒரு தங்கை. பல் டாக்டரின் கிளினிக்கில் உதவியாளர் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவள். அண்ணி சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட, அண்ணன் மகனைத் தூக்கி வளர்த்தது அவள்தான். கல்யாணமாகி அடுத்த தெருவுக்குப் போன பிறகும் அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு அவள் வீட்டில்தான். பிள்ளை நெடுநெடுவென்று வளர்ந்தான். உடம்பை விட்டுவிட்டுக் கையும் காலும் மட்டும் தனியாக வளர்ந்தது போல இருந்ததால் மைதானத்தில் அவனுக்குக் கொக்கு என்று பெயர் விழுந்தது. கோல் கம்பங்களுக்கு நடுவில் நிற்க அதைவிட என்ன வேண்டும்?

இந்த ரசிகர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரணிக்குப் பெனால்டியோ கார்னரோ கிடைத்தால் அத்தனை பேரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, கண்ணையும் இறுக மூடிக்கொள்வார்கள். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பெனால்டியின்போது, பின்வரிசையில் குடையை விரித்த ஒருவனோடு சண்டை போட எல்லோரும் திரும்பியிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து எதிரணிக்காரன் பந்தை வானத்துக்கு அடித்துவிட்டான். அவ்வளவுதான், அன்றிலிருந்து திரும்புவது சட்டம். பார்த்தால் கோல் விழும், பார்க்காவிட்டால் விழாது. பார்க்காமலும் விழுந்துவிட்டால், யாரோ ஒருவன் திருட்டுத்தனமாகப் பார்த்திருக்கிறான். இந்தத் தத்துவத்தை எந்தக் கொம்பனாலும் அசைக்க முடியாது. தலைவர் இன்னும் ஒரு படி மேலே. பெற்ற பிள்ளை நிற்கிறானே, அதனால் பந்து நம் கோல் பக்கம் உருண்டு வந்தாலே திரும்பிக்கொள்வார். மேல்வரிசையில் நின்று சுவரைப் பார்த்து மகனுக்காகக் கத்துவார்.

தங்கை நிற்பது கீழ்வரிசையில், கம்பி வேலியை ஒட்டி. மேலே ஏறினால் முட்டி வலிக்கிறது என்பாள். முட்டிக்கு ஒரு கேடும் இல்லை. எல்லோரும் திரும்பிவிட்டால் கீழ்வரிசைதான் கடைசி வரிசை. அங்கே நிற்பவள் எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று யாருக்குத் தெரியப்போகிறது? தூக்கி வளர்த்த பிள்ளை அங்கே தன்னந்தனியாக நிற்க, இத்தனை சனமும் அவனுக்கு முதுகைக் காட்டுவது அவளுக்குப் பொறுக்கவில்லை. அவனுடைய முதல் ஆட்டத்திலேயே திரும்பாமல் நின்று பார்த்தாள். அப்புறம் ஒவ்வொரு ஆட்டத்திலும் பார்த்தாள். வெளியே மூச்சு விடவில்லை. விட்டால், அவன் தடுத்த பந்தை எல்லாம் மறந்துவிட்டு விழுந்த கோலை எல்லாம் அவள் தலையில் கட்டிவிடுவார்கள். ரசிகர்களை அவளுக்குத் தெரியும்.

கடைசி ஆட்டம் வந்தது. டிரா செய்தால் போதும், அணி முதல் டிவிஷனில் தங்கிவிடும். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் எதிரணிக்குக் கார்னர். மன்றமே திரும்பியது. விசில் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்து பார்த்தால், ரெஃப்ரி நடு மைதானத்தைக் கை காட்டிக்கொண்டிருக்கிறார். கொக்கு கோல் கோட்டின் மேல் பந்தை மார்போடு அணைத்தபடி கிடக்கிறான். பந்து கோட்டைத் தாண்டிவிட்டது, கோல் என்றார் ரெஃப்ரி. பந்து கீப்பர் கையில் இருக்கும்போது அது எந்த ஊர் கோல் என்றது மன்றம். லீக்கின் ஒரே கேமராவில் அந்த நேரத்துக்கு ஆட்டக்காரர்களின் முதுகுதான் பதிவாகியிருந்தது. அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

அன்று கழற்றிய கையுறையைக் கொக்கு மறுபடி போடவில்லை. பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிட்டு, ஒரு பர்னிச்சர் குடோனில் அலமாரி சுமக்கப் போனான். வீட்டுக்கு வந்தால் மாடி அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். அப்பா ஏதாவது கேட்டால் ‘ம்’, ‘இல்ல’ என்பதோடு பேச்சு முடிந்தது.

"கோர்ட்டே சொல்லட்டும், அது கோல் இல்லன்னு. அப்புறம் பாரு, என் புள்ள மறுபடியும் போய் நிப்பான்" என்றார் அண்ணன். அந்த ஆட்டம் செல்லாது என்று சொல்லி மறுபடி நடத்த உத்தரவிட வேண்டும் என்று லீக் மேலும் ரெஃப்ரி மேலும் மனுப் போட்டார்கள். மன்றத்துக்கு நியாயம், மானம், டிவிஷன் என்று ஆயிரம் காரணம் இருந்தது. அவருக்கு இருந்தது ஒரே காரணம், அது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தது.

வக்கீல், அண்ணனிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர். கால்பந்தை அவர் தூரத்தில் இருந்துகூடப் பார்த்ததில்லை. ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அவர் அறையில் நாற்காலி போதாமல் பாதிப் பேர் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தார்கள்.

"பந்து எங்க இருந்துச்சு, சொல்லுங்க" என்றார் வக்கீல்.

"கோட்டுக்கு இந்தப் பக்கம் சார். ஒரு சாண் இந்தப் பக்கம்" என்றார் மன்றத்துக்கு டிரம் அடிக்கிற எலக்ட்ரீஷியன்.

"சாணா? ஒரு முழம் இருக்கும்யா" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"எல்லாரும் அங்க நேரில இருந்தீங்கல்ல?"

"நல்லா கேட்டீங்க. நாங்க இல்லாம ஒரு ஆட்டமா?"

அவர்கள் பொய் சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை. சலூனில், பஸ் ஸ்டாப்பில், துக்கம் கேட்கப் போன வீட்டில்கூட அந்தப் பந்தைப் பற்றிப் பேசிப் பேசி, அது எங்கே கிடந்தது என்று அவரவர் கண்ணுக்குள் ஒட்டிக்கொண்டுவிட்டது. முதுகைத் திருப்பி நின்றதை அவர்கள் பார்க்காமல் இருந்ததாக நினைக்கவே இல்லை. அவர்களைப் பொறுத்தவரை ஆட்டத்தைப் பார்க்கும் முறையே அதுதான். அப்படி ஒரு பழக்கம் உலகத்தில் இருக்கும் என்று வக்கீலுக்குத் தெரியாது, அதனால் அவர் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்ல இவர்களுக்குத் தோன்றவில்லை.

"மூணு சாட்சி போதும். லேடீஸ் ஒருத்தர் இருந்தா நல்லா இருக்கும்" என்றார் வக்கீல்.

"என் தங்கச்சி இருக்கா. பொய் சொல்லவே தெரியாதவ" என்றார் அண்ணன், பெருமையாக.

பந்து கோட்டைத் தாண்டியதைத் தங்கை பார்த்திருந்தாள். முழுசாகத் தாண்டியது. ரெஃப்ரி சொன்னது அச்சுப் பிசகாமல் சரி. இதைச் சொல்ல முதல் நாளே ஒரு நேரம் இருந்தது, அதை விட்டுவிட்டாள். விட்ட பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது.

மறுநாள் மதியம் குடோனுக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து கொக்கு சாப்பிட்டான். தோளில் கயிறு அழுத்திய தடம் சிவப்பாக இருந்தது.

"கேஸ் அடுத்த வாரம் வருதுடா. என்னையும் சாட்சின்னு போட்டிருக்காங்க" என்றாள்.

"நீ என்ன அத்தை சொல்லப்போறே?"

அவள் டப்பா மூடியைத் திருகினாள்.

"பந்து உள்ள போயிடுச்சு அத்தை" என்றான் அவன். "கையில வச்சிருந்த எனக்குத் தெரியாதா? அப்பாகிட்ட அன்னிக்கே உன் முன்னாலதானே சொன்னேன். ‘விழுந்த வேகத்துல உனக்குக் குழம்பிடுச்சு, நீ சும்மா இரு’ன்னுட்டாரு."

"அப்பா உனக்காகத்தான்டா அலையறாரு."

"தெரியும். கேஸ் ஜெயிச்சுட்டா நான் என்ன பண்றது? வாங்கின கோலை அப்பன் கோர்ட்டுக்குப் போய் அழிச்சான்னு காலத்துக்கும் சொல்வாங்க. அந்தப் பொய்யை வச்சுக்கிட்டு நான் எந்த மூஞ்சியோட கோல்ல நிப்பேன்?" டப்பாவைக் கழுவி அவளிடம் நீட்டினான். "கேஸ் நடக்கிற வரைக்கும் நான் பந்தைத் தொடமாட்டேன். நடந்து முடிஞ்சாலும் தொடுவேனான்னு தெரியல."

‘நான் பார்த்தேன்டா’ என்று சொல்ல வாய் வரை வந்தது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அவன் கேட்டால் என்ன பதில்? அவனைக் குழம்பிப்போனவன் என்று அப்பா ஓரங்கட்டியபோது பக்கத்தில் நின்று கேட்டவள்தானே அவள்? டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். அன்று சாயங்காலம் டாக்டர் கேட்ட கருவிக்கு வேறு கருவியை எடுத்துக் கொடுத்துத் திட்டு வாங்கினாள்.

கோர்ட்டில் அன்று மன்றம் மொத்தமும் வந்திருந்தது. அணியின் நிறத்தில் சட்டை போட்டு வந்தவர்களைப் போலீஸ்காரர் முறைத்தார். ரெஃப்ரி மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தார். வார நாட்களில் தபால் ஆபீசில் வேலை பார்க்கிறவர், விசில் இல்லாமல் பார்த்தால் யாரோ போல இருந்தார். லீக் கொக்கைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. தோற்ற அணியின் கீப்பர், தலைவரின் மகன், அவன் தங்களுக்குச் சாதகமாக உண்மையைச் சொல்வான் என்று அவர்கள் கனவிலும் நினைக்கவில்லை.

முதலில் எலக்ட்ரீஷியன் கூண்டில் ஏறினார். பந்து ஒரு சாண் இந்தப் பக்கம் என்று கணீரென்று சொன்னார். லீக்கின் வக்கீல் சன்னமான குரல் கொண்ட ஒரு அம்மாள். எழுந்து வந்து, சும்மா கேட்பது போலக் கேட்டார்.

"கார்னர் அடிக்கும்போது நீங்க எங்க நின்னீங்க?"

"மேல்வரிசையிலங்க. டிரம் பக்கத்துல."

"எதைப் பாத்துட்டு இருந்தீங்க?"

"சுவரைப் பாத்துட்டு இருந்தேங்க."

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். "எந்தச் சுவர்?"

"பின்னாடி இருக்கிற சுவருங்க ஐயா. கார்னர்னா நாங்க எல்லாருமே திரும்பிக்குவோம். கண்ணையும் மூடிக்குவோம்." நீதிபதிக்குக் கால்பந்து தெரியாது போல என்று நினைத்து, பொறுமையாக விளக்கினார்: "பாத்தா கோல் விழுந்துடுங்க."

"அன்னிக்கு விழுந்துச்சே?"

"அதாங்க ஐயா கேஸே."

யாரோ சிரித்தார்கள். மன்றத்துக்காரர்கள் சிரிக்கவில்லை, அவர்களுக்கு இதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. அவர்களுடைய வக்கீல் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

மருந்துக்கடைக்காரர் விவரமானவர். கூண்டில் ஏறும்போதே விஷயம் எங்கே போகிறது என்று பிடித்துவிட்டார். "நீங்க திரும்பலையா?" என்று அந்த அம்மாள் கேட்டதும், "நான் வந்து..." என்று இழுத்தார். இழுத்தபடி எதிரே உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘நீ பாத்தியா?’ என்ற கேள்வி ஒவ்வொரு முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. "நானும் சுவரைத்தாங்க" என்று சொல்லி இறங்கிவிட்டார்.

கடைசியில் தங்கை. மன்றத்து வக்கீல் நம்பிக்கையெல்லாம் போய், கடமைக்குக் கேட்டார்: "நீங்களும் திரும்பித்தான் நின்னீங்களாம்மா?"

‘ஆமாம்’ என்றால் போதும். கேஸ் சாட்சி இல்லாமல் படுத்துவிடும், அவள் பார்த்தது அவளோடு போய்விடும். அண்ணன் மட்டும் அடுத்த கோர்ட், அதற்கடுத்த கோர்ட் என்று ஏறிக்கொண்டே இருப்பார். பிள்ளை அலமாரி சுமந்துகொண்டே இருப்பான். அண்ணனை ஒருமுறை பார்த்தாள். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கப் போகும் குழந்தையைப் பார்ப்பது போல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க. நான் திரும்பல. நான் பாத்தேன்" என்றாள்.

மன்றம் மூச்சை இழுத்தது. அண்ணன் எழுந்தே விட்டார். "பாத்தியா!" என்றார். அந்தக் குரலில் இருந்தது கோபம் இல்லை, சந்தோஷம். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. உட்காரச் சொல்லி நீதிபதி அதட்டினார். வக்கீலுக்கு உயிர் வந்தது. "சொல்லுங்கம்மா, பந்து கோட்டைத் தாண்டுச்சா?"

"தாண்டுச்சு. முழுசாத் தாண்டுச்சு. ரெஃப்ரி சொன்னது சரி."

அதற்கப்புறம் நடந்தது விசாரணை இல்லை, சந்தைக் கூச்சல். "நீ பாத்ததாலதான்மா உள்ள போச்சு!" என்று எலக்ட்ரீஷியன் கத்தினார். போலீஸ்காரர் அவரைத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோனார். மனு தள்ளுபடி என்று நீதிபதி சொன்னது முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டது.

வெளியே படிக்கட்டில் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கேஸ் தோற்றது ஒருவருக்கும் நினைவில்லை.

"இத்தனை வருஷமா பாத்திருக்கா, பாருய்யா. அப்ப போன வருஷம் அந்தப் பெனால்டி?"

"அதுக்கு முந்தின வருஷம் ரெண்டு கார்னர்?"

"முட்டி வலின்னு கீழ நின்னதே இதுக்குத்தான்!"

அந்த நேரம் ரெஃப்ரி படியிறங்கி வந்தார். "வழி விடுங்கப்பா, சார் போகட்டும்" என்று மருந்துக்கடைக்காரர் ஒதுங்கி நின்றார். இத்தனை மாதம் எந்த மனிதனைக் கண்ட இடத்தில் கிழிப்போம் என்றார்களோ, அவர் அவர்கள் நடுவில் புகுந்து, ஒரு கீறல் இல்லாமல் தெருவுக்குப் போய்விட்டார். போகும்போது அவளைப் பார்த்து ஏதோ சொல்ல நினைத்தவர் போலத் தயங்கினார். பிறகு பயந்துகொண்டு நடையைக் கட்டினார்.

"இனிமே மைதானத்துப் பக்கம் வந்துடாதேம்மா" என்றார் எலக்ட்ரீஷியன். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து அவளுக்கும் அழுகை வந்தது. இவர்கள் அவள் கல்யாணத்துக்கு வந்தவர்கள், அண்ணி செத்தபோது பாடை தூக்க வந்தவர்கள்.

"எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார் அண்ணன் பின்னாலிருந்து. அவளைப் பார்த்து, "வண்டில ஏறு" என்றார்.

டிரைவிங் ஸ்கூல் கார். வழக்கமாக அந்தக் காரில் அவர் வாய் ஓயாது, முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவன் எல்லோருக்கும் பாட்டு விழும். அன்று ஒரு வார்த்தை இல்லை. சிக்னலில் ஒருவன் குறுக்கே புகுந்தான், அப்போதும் இல்லை. தங்கைக்கு அதுதான் பயமாக இருந்தது. அண்ணன் கத்தினால் பக்கத்தில் இருந்துவிடலாம். இந்த மௌனத்தோடு வீடு போய்ச் சேர்ந்தால், அப்புறம் அந்த வாசலை மிதிக்க முடியுமா என்று தெரியவில்லை.

"திட்றதுன்னா திட்டிடுண்ணா" என்றாள்.

அவர் வண்டியை ஒரு மரத்தடியில் ஓரங்கட்டினார். இன்ஜினை அணைத்தார்.

"எப்பலேருந்து பாக்கறே?"

"அவனோட முதல் மேட்ச்லேருந்து."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அண்ணன் ஸ்டியரிங்கில் இருந்த ஏதோ அழுக்கை நகத்தால் சுரண்டினார். கேட்கவா வேண்டாமா என்று யோசிக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது, என்ன கேட்கப்போகிறார் என்றுதான் புரியவில்லை.

"நல்லா நிப்பானா?" என்றார்.

"யாரு?"

"என் புள்ளதான். பந்து வந்தா... நல்லாப் புடிப்பானா?"

தங்கை அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஊரெல்லாம் கொக்கு, கொக்கு என்று கத்திய மனிதர். மகன் பாய்ந்து ஒரு பந்தைப் பிடித்ததை இவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கூட்டம் கத்துவதைக் கேட்டுத்தான் மகன் பிடித்தானா விட்டானா என்று தெரிந்துகொண்டிருக்கிறார்.

"நல்லான்னா அப்படி இப்படி இல்லண்ணா" என்றாள். "பந்து காலை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே இவன் கிளம்பிடுவான். எங்க வரும்னு எப்படித்தான் தெரியுமோ."

"அந்தக் கார்னர்?"

"அது வளைஞ்சு அவன் தலைக்கு மேல பின்னால போச்சு. வேற எவனா இருந்தாலும் விரல்கூடப் பட்டிருக்காது. இவன் மல்லாக்கப் பாஞ்சு ரெண்டு கையாலயும் புடிச்சான். காத்துலயே புடிச்சுட்டான்ணா. அப்பவே கோட்டைத் தாண்டிட்டான், விழுந்து உருண்டுதான் கோட்டுக்கு வந்தான். ஆனா பந்தை விடல. விசில் அடிச்சப்புறமும் விடாம கட்டிப்புடிச்சுக்கிட்டே கிடந்தான்."

"விடலையா?"

"விடலண்ணா. ரெஃப்ரி வந்து கையைப் பிரிச்சுத்தான் வாங்கினாரு."

அண்ணன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கை உறிஞ்சினார்.

"இதை அவன்கிட்ட யாராவது சொன்னாங்களா?" என்றார்.

"யாரு பாத்தாங்க, சொல்றதுக்கு? பாத்தவ நான் ஒருத்தி. நானும் சொல்லல."

அவர் சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினார். வீட்டுக்குத் திரும்புகிற முனை வந்தது. அங்கே திரும்பாமல், குடோன் இருக்கிற பக்கம் நேரே ஓட்டினார்.